ஊரிலை எவ்விடம்?

அவருக்கு எல்லாச் சொல்லும் தெரியும், ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைத் தவிர. எட்டு வருடம் சனிக்கிழமைதோறும் அவரோடு ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்லலாம். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. கேட்காவிட்டாலும் இருந்தது.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து எங்கள் ஈழத்து ஆட்கள் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். பிள்ளைகள் உள்ளே எழுத்துப் பழக, பெற்றோர் நாங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளின் குட்டைக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அவருக்கு அந்தப் பள்ளியில் பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. ஒரே மகள், கலியாணம் முடித்து நோர்பரியில் இருந்தாள். அவர் வந்தது எங்களுக்காக. வகுப்பு முடியும்வரை எழும்பி ஓட முடியாத ஒரு சபை லண்டனில் வேறெங்கே அவருக்குக் கிடைக்கும்?

“வேரைப் பார் தம்பி, வேரைப் பார்” என்பார். அதனால் எங்களுக்குள் அவர் வேர் அண்ணை. முகத்துக்கு நேரே அண்ணை மட்டும்.

நான் பஸ் ஓட்டுகிறவன். எனக்கு ஒரு பெயர் என்றால் ஒரு தரிப்பு. ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள், கதவை மூட வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அப்படியில்லை. நோர்பரி என்றால் நூற்புரி, ஒரு காலத்தில் எங்கள் நெசவாளர்கள் போய்த் தறி போட்ட ஊர். ஈலிங் என்றால் ஈழிங்கம். செவன் கிங்ஸ் என்ற ஊரில் இருந்த ஏழு அரசர்கள் யார் என்று இந்த வெள்ளைக்காரருக்கே தெரியாதாம், அவருக்குத் தெரியும்: கடையேழு வள்ளல்கள். பாரி வள்ளல் அந்தப் பக்கம் என்ன அலுவலாக வந்தார் என்று கேட்டேன்.

“வந்தவர் எண்டு நான் சொன்னனானோ? புகழ் வந்தது. புகழுக்கு விசா தேவையோ?”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது பகிடியே இல்லை, அதுதான் எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை, குன்றின்மேல் இருக்கிற ஹாரோவைப் பிடித்தார். “ஹாரோ எண்டால் என்ன? அரோகரா! மலைக்கு மேலை முருகன் இருந்திருக்கிறான். கீழை நிண்டு சனம் அரோகரா எண்டு கூப்பிட்டிருக்குது. கடைசி எழுத்துகளை வெள்ளைக்காரன் விழுங்கிப்போட்டான்.” அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த கிழமை நூலகத்துக்குப் போய், இடப்பெயர் அகராதி ஒன்றை எடுத்து, பார்த்தே விட்டேன். பழைய ஆங்கிலச் சொல்லாம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்த சனங்கள் கும்பிட்ட கோவில் என்று பொருளாம். பக்கத்தைப் படமெடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு மெல்ல வாசித்தார்.

“கோவில் எண்டு போட்டிருக்கோ இல்லையோ?”

“போட்டிருக்கு அண்ணை, ஆனா...”

“மலையிலை கோவில். பிறகென்ன?”

ஒரு மாதத்துக்கு அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டச் சொல்லி என்னைக் கரைச்சல்படுத்தினார். அவருடைய கண்டுபிடிப்புக்குச் சாட்சி நானாகிப் போனேன். ஒரு பெரும் புளுகரிடம் வலியப் போய் ஒரு உண்மையைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

அன்றாடச் சொற்களையும் விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டு டாக்டரம்மா ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். நல்ல படிப்பாளி, பாவம், எங்கள் மேசையின் சட்டதிட்டம் தெரியாதவர். நாங்கள் சொல்கிற கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை என்று எங்கோ வாசித்ததைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். “நாங்க நாற்காலின்னுதான் சொல்லுவோம். கதிரைங்கிறது அவங்க பாஷை. ஆமா, நான் படிச்சிருக்கேன்.”

வேர் அண்ணை தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார். “பிள்ளை, போர்த்துக்கீசன் எங்கடை கரைக்குக் கப்பலிலை எப்பிடி வந்தவன்?”

“எப்படின்னா?”

“நிண்டுகொண்டு வந்தவன். இருக்கத் தெரியாதவன். அவனுக்குக் கதிரை போட்டு இருத்தினது நாங்கள். சொல்லையும் குடுத்து அனுப்பினது நாங்கள்.”

டாக்டரம்மா அடுத்த கிழமையிலிருந்து காரிலேயே இருந்து புத்தகம் வாசித்தார். நானும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவரை இளப்பமாகப் பார்ப்பது எனக்கு ஒரு சுகம். கிழமை முழுக்க பயணிகளிடம் வாங்குகிற ஏச்சுக்கு சனிக்கிழமை அவரை வைத்து நான் சமன் செய்துகொண்டேன்.

உலகத்து ஊர்ப்பெயருக்கெல்லாம் பிறப்புச் சொன்ன மனிதர், தன்னுடைய ஊரைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் பெயருக்குப் பிறகு கேட்கிற முதல் கேள்வி “ஊரிலை எவ்விடம்?” என்பது. கேட்பதற்கு அன்பாக இருக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் “அதிலை எந்தப் பக்கம்? கோவிலடியோ, கடற்கரையோ?” என்று அடுத்த கேள்வி வரும். மூன்றாவது கேள்வியில் ஆளின் சாதி தெரிந்துவிடும். வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுவதை இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிற கெட்டித்தனம் எங்களுக்கு இருக்கிறது. லண்டனில் முப்பது வருடம் இருந்தும் அது போகவில்லை. அவரிடம் கேட்டால் “நல்லூர்ப் பக்கம்” என்று கையை ஒருமுறை காற்றில் வீசுவார். நல்லூர் என்றால் பெரிய இடம். மேலே கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் கேதீஸ் வாடகைக்கு இருந்தான். முப்பத்தைந்து வயது, ஊரில் மனைவியும் ஆறு வயது மகளும். அகதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். மறுத்தால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிப் போனால் அவனுக்கு என்ன நடக்கும் என்பது அவன் முதுகில் இருந்த தழும்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பார்த்தேன்.

ஒருநாள் அவனையும் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் வழக்கமான கேள்வி வந்தது.

“ஊரிலை எவ்விடம் தம்பி?”

“ஓணான்பிட்டி.”

யாருக்கும் தெரியாத ஊர். உப்புத் தரவை வெளி ஓரமாக முப்பது நாற்பது வீடு என்று அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஓணான்பிட்டியோ? அங்கை ஆக்களும் இருக்கினமோ, இல்லை ஓணான் மட்டும்தானோ?”

மேசை முழுக்கச் சிரித்தது. கேதீசும் சிரித்தான், வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரனின் பகிடிக்குச் சிரிக்கிற மாதிரி. வேர் அண்ணை மட்டும் குனிந்து தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் சீனி போடுவதில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. புறப்படும்போது கேதீசின் தோளைத் தொட்டு, “உன்ரை வாக்குமூலத்தை நான் இங்கிலீசிலை எழுதித் தாறன்” என்றார்.

இந்த ஒரு வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஊரில் கந்தோரில் கடிதம் எழுதுகிற வேலை பார்த்தவர், அவருடைய ஆங்கிலம் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி. அடுத்த சனிக்கிழமை தட்டச்சு செய்த ஆறு பக்கத்தைக் கொண்டுவந்தார். நான் முதல் பக்கத்தை வாசித்தேன், திருப்தியாக இருந்தது. என் மகளின் வகுப்பு முடிந்துவிட்டது, மிச்சத்தை வாசிக்கவில்லை. கேதீசுக்கு ஆங்கிலம் வராது, காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தான்.

ஐந்து மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. காரணத்தை அவனுடைய வக்கீல் படித்துக் காட்டினாள். பிறப்புச் சான்றிதழில் ஊர் ஓணான்பிட்டி. நேரில் விசாரித்தபோது அவன் வாயால் சொன்னதும் ஓணான்பிட்டி. ஆனால் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், இரண்டாம் பக்கத்திலிருந்து கடைசிவரை, அவன் பிறந்தது, பிடிபட்டது, அடிபட்டது எல்லாம் உலகநாதபட்டினம் என்ற ஊரில். அப்படி ஒரு ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. பிறந்த ஊரையே மாற்றி மாற்றிச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

கேதீஸ் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தான். “அண்ணை, நான் ஒண்டும் மாத்திச் சொல்லேல்லை அண்ணை” என்றான். அதை நாலைந்து தரம் சொன்னான்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தோபிக்கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு. மூன்று சுவருக்கும் பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து ஒட்டியிருந்தது. உள்ளே பழைய கடித உறைகளை வெட்டிச் சொற்களை எழுதி வைத்திருந்தார்.

“உலகநாதபட்டினம் எண்டு எந்தக் குறுக்கால போனவன் சொன்னவன்?” என்று கேட்டேன். பெரியவரிடம் அப்படிப் பேசியதற்கு இன்றுவரை நான் வருந்தவில்லை.

“அதுதான் மூலப்பேர். சனத்தின்ரை வாயிலை அது கெட்டுப்போச்சு.”

“ஆதாரத்தைக் காட்டுங்கோ. ‘ஓ’ டின்னை எடுங்கோ.”

எந்தச் சொல்லைக் கேட்டாலும் துள்ளிப் போய்ச் சீட்டு எடுத்து நீட்டுகிறவர் அன்றைக்கு அசையவில்லை. ‘ஓ’ டின் மேல்தட்டில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

“நான் எழுதித் தாறன். பேர் எப்பிடி மாறினது எண்டு விளக்கமா எழுதித் தாறன்.”

“ஒரு வரி போதும் அண்ணை. நான் பிழைவிட்டிட்டன் எண்டு எழுதுங்கோ. ஒரு மனிசன்ரை உயிர்.”

அவர் எழுதி அனுப்பியது பதினோரு பக்கம். பட்டினம் எப்படிப் பிட்டி ஆனது, உலகநாதன் எப்படி ஓணான் ஆனான். வக்கீல் அதை இரண்டு விரலால் பிடித்து மேசையின் மறுபக்கம் வைத்தாள். “இது வேண்டாம். அந்த ஊரைத் தெரிந்த ஒருவர் வேண்டும். அதற்கு அந்த ஒரு பெயர்தான் என்று சொல்ல வேண்டும்.” தெரிந்தவர்களைக் கேட்டேன். கோவிலில் கேட்டேன், கடைகளில் கேட்டேன். ஓணான்பிட்டி என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊரவர் யாராவது அங்கே நின்றிருந்தாலும் கைதூக்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மேன்முறையீட்டு விசாரணை நாளன்று தீர்ப்பாயத்தின் வாசலில் அவர் நின்றார். கழுத்துப்பட்டி கட்டி, கக்கத்தில் அந்த ‘ஓ’ டின். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. இங்கேயும் வந்து பிரசங்கம் வைக்கப்போகிறார், கேதீசின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், வீட்டை போங்கோ.”

“நான் வக்கீலோடை கதைச்சிட்டன்” என்றார். பாதுகாவலர் டின்னைத் திறக்கச் சொன்னார். உள்ளே சீட்டுகள் இல்லை. நாலாக மடித்த ஒரு மஞ்சள் காகிதம் மட்டும் இருந்தது.

நான் பின் வரிசையில் இருந்தேன். நீதிபதி ஒரு மெலிந்த பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று வேர் அண்ணை ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். அந்தக் காகிதம் அவருடைய பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம் என்ற வரியை நீதிபதி எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். ஓணான்பிட்டி.

“இந்த ஊரை உலகநாதபட்டினம் என்று வேறு யாராவது சொல்வதுண்டா?”

“இல்லை. நான் மட்டும்தான். நான் உண்டாக்கிய பெயர்.”

“ஏன் உண்டாக்கினீர்கள்?”

“உண்மைப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள்.”

“யார்? எங்கள் அதிகாரிகளா?”

“இல்லை மேடம். எங்கள் ஆட்கள்.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீதிபதி எழுதி முடித்துவிட்டு, சும்மா தெரிந்துகொள்கிற ஆவலில், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த கேள்வி. ஒரு நீதிபதி, ஒரு மண்டபம், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓணான் ஏறி வெயில் காய்ந்த மேடு என்று மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும், வேர்கூடத் தேவையில்லை. அவர் டின்னை மூடினார்.

“தெரியாது” என்றார். “நாங்கள் அங்கே பிறந்தோம். அவ்வளவுதான் தெரியும்.”

கேதீசுக்கு ஐந்து கிழமையில் சாதகமான தீர்ப்பு வந்தது. மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். மகள் இப்போது அதே தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? விசாரணை முடிந்து ரயிலில் திரும்பும்போது நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “தம்பி, ட்ரிப்யூனல் எண்டால் என்ன? திரிபு. திரிபைத் தீர்க்கிற இடம். வேரைப் பார்.” கேதீஸ் நிமிர்ந்து இருந்து பயபக்தியோடு “ஓம் ஐயா” என்றான். எனக்கு ரயிலிலிருந்து குதிக்கலாம் போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மேசையில் ஒரு புதிய தகப்பன் அவரிடம் ஊரிலை எவ்விடம் என்று கேட்டார். “நல்லூர்ப் பக்கம்” என்று கை காற்றில் வீசியது. வீசிய கை இறங்கும்போது ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடம், அவர் நல்லூர் என்ற ஒவ்வொரு தடவையும் நான் தேத்தண்ணி குடித்தேன். ஒரு மனிதரின் உயிரைப் பணயம் வைத்த பொய்யை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பொய்யைச் சொல்ல வைத்த பகிடி யாருடையது என்பதையும் மறக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் எதிரில் இருப்பது லேசான காரியமில்லை.

போன மாசியில் அவர் செத்துப்போனார். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படித் தொடங்கும் என்று தெரியும்தானே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். செத்தவரின் பெயருக்கு முதல் ஊர்ப் பெயரைத்தான் எல்லோரும் தேடுவோம். மகளிடம் தொலைபேசியில் பேசியபோது, அறிவித்தலை அப்பாவே எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார் என்றாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று மேலே குறித்திருந்தாராம்.

சனிக்கிழமை மேசையில் எல்லோருடைய கைபேசிக்கும் அந்த அறிவித்தல் வந்திருந்தது. ஒருவர் உரக்க வாசித்தார். “ஓணான்பிட்டியைப் பிறப்பிடமாகவும், ரெய்னர்ஸ் லேனை வதிவிடமாகவும் கொண்ட...” வாசித்தவர் நிறுத்தினார். “நல்லூர் எண்டெல்லோ மனிசன் சொல்லிக்கொண்டு திரிஞ்சது?”

அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் சொன்னார். “ஓணான்பிட்டியோ? அங்கை ஆக்களும் இருந்தவையோ, இல்லை ஓணான் மட்டும்தானோ?”

என்னுடைய பகிடி. இத்தனை வருடம் கழித்து வேறொருவர் வாயால் வந்தது. மேசை முழுக்கச் சிரித்தது. அவருடைய குட்டைக் கதிரை வெறுமையாக இருந்தது.

“ஆக்கள் இருந்தவை” என்றேன். “ஒருத்தரை எனக்குத் தெரியும்.”